பூத்த மரத்தில் கட்டும் நூல்

1 மார்ச் 2008, சனி

மகள் கோசிகாவிடமிருந்து தபால். எழுத்து ஒன்றும் இல்லை. உறைக்குள் இரண்டு நூல்கள். சிவப்பும் வெள்ளையுமாய் முறுக்கி, நுனியில் குஞ்சம் வைத்தவை.

இவர் டாக்சி ஓடப் போனதும் பிள்ளைக்குப் போன் எடுத்தேன். மருமகனின் நாட்டில், பல்கேரியாவில், வசந்தம் வருகிறதென்று இன்றைக்கு ஆளுக்காள் இதைக் கொடுப்பார்களாம். கையில் கட்டிக்கொண்டிருந்து, பூத்த மரத்தைக் கண்டதும் கழற்றி அதில் கட்டவேண்டுமாம். "ஒண்டு உங்களுக்கு, ஒண்டு அப்பாவுக்கு" என்றாள்.

அப்பாவுக்கு! அவள் அந்தப் பெடியனைக் கட்டிய நாளிலிருந்து அவளுடைய பெயரையே வாயில் எடுக்காத மனுசனுக்கு. இதே லண்டனுக்குள் எங்கள் செவன் கிங்ஸிலிருந்து அவளுடைய ஸ்ட்ரெதம் என்ன, கடல் கடந்தா கிடக்கிறது? நானும் போகவில்லை. போனால் இந்த வீடு இரண்டாகிவிடும் என்ற பயம்.

2 மார்ச்

செய்துவிட்டேன். குஞ்சத்தை வெட்டி எறிந்துவிட்டு, வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் நூல், பாலாம்பிகை அக்கா கொண்டுவந்து தந்தவ என்று சொல்லி, இவருடைய வலக்கையில் கட்டினேன். கண்ணை மூடிக் கும்பிட்டார். அம்மாளாச்சி, இந்தப் பொய்க்குத் தண்டனை தருவதென்றால் எனக்கே தா. என்னுடையதை வளையல்களுக்குள் மறைத்திருக்கிறேன்.

5 மார்ச்

குளிக்கும்போதுகூட இவர் கழற்றவில்லை. எனக்குப் பொல்லாத சந்தோசம்.

14 மார்ச், வெள்ளி

சாப்பிடும்போது சொன்னார்: டாக்சியில் ஏறிய ஒரு வெள்ளைக்காரப் பெடியன் இவர் கையைப் பார்த்துச் சிரித்துத் தன் கையைக் காட்டினானாம். அதே நூல்.

"அவையின்ரை நாட்டிலையும் அம்மன் கோயில் இருக்குது போலை" என்றார். முகத்தில் ஒன்றுமில்லை. சொதியை ஊற்றச் சொன்னார்.

தெரிந்துவிட்டதோ? தெரிந்தால் ஏன் அறுத்தெறியவில்லை? கேக்கவும் ஏலாது, கேளாமல் இருக்கவும் ஏலாது. என்ன மனுசனோ!

27 மார்ச்

எங்கள் தெருவில் மரங்கள் பூத்துவிட்டன. நான் கட்டவில்லை. என்னுடைய மரம் பிள்ளையின் வாசலில் நிற்கிறது. செர்ரி மரமாம், சொல்லியிருக்கிறாள். அவள் வீட்டுத் திரைச்சீலை என்ன நிறமென்றுகூட எனக்குத் தெரியாது – பெத்தவளுக்கு. ஒருக்காப் பாக்கவேணும் போலை கிடக்குது. இண்டைக்கு ஒரே அழுகை.

6 ஏப்ரல், ஞாயிறு

விடியவே பனி கொட்டியது, பூக்களுக்கு மேலே. அதற்குள்ளும் வெளிக்கிட்டுப்போன இவர் மத்தியானம் திரும்பினார். காலில் போட்டிருந்த சப்பாத்தெல்லாம் ஈரம். கையில் நூல் இல்லை. எங்கே என்றேன். அறுந்துபோச்சு என்றார்.

அறுந்ததோ, அறுத்ததோ? சாப்பாட்டுக் கோப்பையை மேசையில் அடித்து வைத்தேன். கல்லு மனுசன். இனி இவரோடு எனக்குக் கதையில்லை.

7 ஏப்ரல்

கோசிகா போன் எடுத்தாள். "அம்மா, வந்திட்டு ஏன் மணி அடிக்காமல் போனீங்கள்? எங்கடை மரத்திலை நூல் கட்டிக்கிடக்குது. குஞ்சத்தைக் காணேல்லை."

என்னுடைய நூல் குஞ்சத்தோடு என் கையில்தான் இருக்கிறது என்று சொன்னேன். அவள் விம்மத் தொடங்கினாள். நானும்தான். விலாசம் இவருக்கு எப்போதிருந்து தெரியும்?

பின்னேரம் வந்தவருக்கு ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார்: "வாற ஞாயிற்றுக்கிழமை நான் வேலைக்குப் போகேல்லை. உம்மடை நூலையும் கொண்டுபோய்க் கட்டுவம்."

"மணியை நீங்கள்தான் அடிக்கவேணும்" என்றேன்.

ஓம் என்றார்.