குழாய்க்குள் நிற்கும் நாக்கும் என் சிவப்பு ஒயரும்

என் தங்கையைக் கட்டிக்கொண்ட மாப்ளே, அதற்கும் முன்னாலேயே எனக்குக் கூட்டாளியாகிவிட்ட குமரேசா,

நீ ஜெயித்துவிட்டாய்! நேற்றுக் காலை எட்டரை மணிக்கு, நாகலூர் பால் சில்லிங் சென்டரில், மிஷின் ரூமில் வைத்து என்னை ஜெயித்துவிட்டாய். உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போன் போடலாம் என்று பாக்கெட்டில் கையைக்கூட விட்டுவிட்டேன், பாரேன். அப்புறம்தான் உறைத்தது, எடுக்க நீ இல்லை என்று.

அதனால் எழுதுகிறேன். பால் ஊற்றுகிறவர்கள், எஸ்டேட் ஆட்கள், யார் படித்தாலும் படிக்கட்டும். உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று நாலு பேர் முன்னால் சொன்னவன் நான். இதையும் நாலு பேர் அறியத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் ஆபரேட்டர் வேலையை மாசி மாதம் முதலாளி சாந்திக்கே கொடுத்தார். ஆறு மாதம் பார்ப்போம், சரிப்பட்டால் நிரந்தரம் என்று சொல்லித்தான் கொடுத்தார். பொம்பளைக்கு மிஷின் ரூம் சரிப்படுமா என்று சூப்பர்வைசருக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு தயக்கம். இது ஆடி, ஆறாவது மாதம். பால் கெட்டாலும் வேலை போச்சு, மிஷின் கெட்டாலும் வேலை போச்சு என்ற நிலைமையில்தான் உன் பெண்டாட்டி இத்தனை நாளும் வாழவந்தியிலிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

இந்தக் கடிதத்தை எட்டிப் பார்க்கிறவர்களுக்காக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், நீ கொஞ்சம் பொறுத்துக்கொள். சில்லர் என்பது தண்ணீரைப் பனிக்கட்டியாகிற அளவுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்க் குளிர வைக்கிற மிஷின். அந்தத் தண்ணீர் ஓடிப்போய்ப் பாலைக் குளிர வைத்துவிட்டுத் தொட்டிக்குத் திரும்பும். போகிற வழியில், குழாய்க்குள் ஒரு சின்னத் தகட்டு நாக்கு நிற்கும். தண்ணீர் தள்ளினால் அது சாயும், மிஷின் ஓடும். தண்ணீர் நின்றால் அது நிமிரும், மிஷின் நின்றுவிடும். நிற்காமல் ஓடினால் உள்ளே தேங்கிய தண்ணீர் உறைந்து, சில்லருக்குள் இருக்கும் செம்புக் குழாய்களைப் பிளந்துவிடும். அதோடு மிஷின் கதை முடிந்தது. ஃப்ளோ ஸ்விட்ச் என்று அதற்குப் பேர். நீ அதை நாக்கு என்றுதான் சொல்வாய்.

இன்னொரு ஸ்விட்ச் உண்டு. மார்கழிக் குளிரில் மிஷினுக்குள் கேஸ் அழுத்தம் இறங்கிப்போய், விடிகாலையில் அது மிஷினைச் சும்மா சும்மா நிறுத்தும். கீழே சேலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. மலை மேல் மிஷின் ஓட்டுகிற நாங்கள் அதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தோம். ஒரு சாண் ஒயர், இரண்டு முனையிலும் கவ்வி. ஸ்விட்சின் இரண்டு பக்கத்தையும் அதால் இணைத்துவிட்டால், எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது என்று மிஷின் நம்பிவிடும். மற்றவர்கள் பேனா வைக்கிற பையில் நான் சிவப்பு ஒயர் வைத்திருந்தேன். ஜெனரேட்டர் பார்க்கிற எனக்கு உன் மிஷினில் என்ன வேலை என்று கேட்காதே. எனக்குக் கை சும்மா இருக்காது, உனக்குத் தெரியாதா?

போன மார்கழியில் நான் மாட்டிய ஒயரை நீ பிடுங்கி எறிந்தாய். பால் கேனோடு நின்ற அத்தனை பேர் முன்னாலும் நான் கத்தினேன், பயந்தாங்கொள்ளிக்கு எதற்கு ஆபரேட்டர் வேலை என்று. நீ திரும்பக் கத்தவில்லை.

"பயப்படறதுக்குத்தான் மச்சான் எனக்குச் சம்பளம்" என்றாய்.

அதற்கப்புறம் நான் உன்னோடு பேசவில்லை. ஒயரை மட்டும் பொறுக்கித் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டேன். தையில் உனக்கு நெஞ்சுவலி வந்தது. ஜீப் சேலம் போய்ச் சேரும் முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கு முன்னால், பொங்கலன்று நான் உன் ஊட்டுக்கு வருவேன் என்று எதிர்பார்த்தாயா? நான் பாதி வழி வந்து திரும்பினேன், மாப்ளே. அது உனக்குத் தெரியுமா?

சரி, நேற்றைய கதைக்கு வருகிறேன். காலைப் பால் எல்லாம் வந்து இறங்கியாகிவிட்டது. பாதிகூடக் குளிரவில்லை, மிஷின் படக்கென்று நின்றது. போர்டில் சிவப்பு விளக்கு, தண்ணீர் ஓட்டம் இல்லை என்று எழுத்து. பத்து மணிக்கு டேங்கர் வரும். சாந்தி என்னைக் கூப்பிட்டாள். நான் ஓடினேன். பம்ப் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. பம்ப் ஓடும்போது தண்ணீர் ஏன் ஓடாது? நாக்குதான் பொய் சொல்கிறது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். ஏற்காட்டில் இருந்த சூப்பர்வைசரும் போனில் அதையேதான் சொன்னார், ஒயரைப் போட்டு ஓட்டச் சொல்லி. எனக்கு அது போதாதா? போர்டுக் கதவைத் திறந்தேன், சிவப்பு ஒயரை எடுத்தேன். சாந்தி குறுக்கே வந்து நின்றாள்.

"வேண்டாங்ண்ணா."

"பம்ப் ஓடுதல்ல கண்ணு. சத்தம் கேக்குதா, இல்லியா?"

"பம்ப் சத்தந்தானுங்ண்ணா கேக்குது. தண்ணி ஓடற சத்தம் கேக்கலீங்களே."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பால் திரிந்தால் வேலை போய்விடும், புருஷன் மாதிரியே பிடிவாதம் பிடிக்காதே என்று திட்டினேன். அவள் நகரவில்லை.

"பாலு போனா ஒரு வேளைப் பாலுங்ண்ணா. மிஷினு போனா இத்தன ஊருப் பாலும் தெனமும் கீழதான் கொட்டோணும். என்ற வேல போனாப் போவுட்டும்."

நீ சோறு தின்னும்போதும் மிஷின் பேச்சுப் பேசுவாயே, இவள் எங்கே கேட்கப்போகிறாள் என்று நான் கேலி பண்ணுவேனே, அத்தனையும் கேட்டிருக்கிறாள்! பம்ப்பை நிறுத்தினாள், வால்வுகளை அடைத்தாள், தண்ணீர்க் குழாயில் இருக்கிற வடிகட்டியின் மூடியை ஸ்பேனர் போட்டுத் திருகினாள். உள்ளே பார்த்தால் சில்வர் ஓக் இலை. வெந்த கீரை மாதிரி மசிந்து, ஒரு சொட்டுப் போக இடமில்லாமல் அடைத்துக் கிடந்தது.

மூடியிருக்கிற தொட்டியில் மரத்து இலை எப்படி வரும்? எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் தொட்டியில் தண்ணீர் நிரப்பியவன் நான். கடைசி பஸ் ஹாரன் அடித்தது, மூடியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ராத்திரி முழுக்க ஆடிக் காற்று. மேட்டில் இருக்கிற மரங்கள் அத்தனையும் உதிர்த்திருக்கின்றன.

ஒயர் மட்டும் மாட்டியிருந்தால் நாகலூரில் இன்று சில்லர் இல்லை. சாந்திக்கு வேலை இல்லை. அதுவும் என் கையால்.

அவள் என்னைப் பார்த்தாள். வடிகட்டி வலையைக் கழுவி மாட்டி, தொட்டியில் மிச்சமிருந்த இலையை அரித்தெடுத்து, பம்ப்பைப் போட்டாள். குழாயில் சலசலவென்று ஓசை வந்தது. மாப்ளே, அது தண்ணீர் ஓசை, அது வேறுதான்! இத்தனை வருஷம் எனக்கு வித்தியாசம் தெரியவில்லையே. விளக்கு பச்சைக்கு மாறியது, மிஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது. நான் சின்னப்பிள்ளை மாதிரிக் கை தட்டிவிட்டேன். டேங்கர் டிரைவர் இரண்டு டீ குடித்துக் காத்திருந்தார். பால் ஒரு சொட்டுக்கூடத் திரியவில்லை.

சூப்பர்வைசர் பைக்கில் வந்து இறங்கினார். தொட்டி மூடியைத் திறந்து போட்டது யார் என்று கேட்டார். மூடியைப் பார்ப்பது ஆபரேட்டர் பொறுப்பு. சாந்தி பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள வாயைத் திறந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"நாந்தானுங்க சார். ஒயர் போடப் போனதும் நாந்தானுங்க. நிறுத்துனது இந்தப் புள்ள."

அவர் அந்த இலைக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றார். போனில் தாம் சொன்னது அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும். அப்புறம் வெளியே போய் முதலாளியிடம் போனில் ரொம்ப நேரம் பேசினார். கேட்டுக்கொள், மாப்ளே: சாந்தியின் வேலை நிரந்தரம்! மார்கழிக்குள் வாங்கிவிடுங்கள் என்று நீ நச்சரித்துக்கொண்டே இருந்தாயே, குளிருக்குத் தக்கபடி மிஷின் விசிறியைத் தானாகக் குறைத்து, கேஸ் அழுத்தம் இறங்காமல் பார்த்துக்கொள்கிற பெட்டி, அதற்கும் ஆர்டர் போடச் சொல்லிவிட்டார்கள். எனக்கு இந்த மாதம் முழுக்கத் தொட்டி கழுவுகிற தண்டனை. சந்தோஷமாகக் கழுவுகிறேன்.

சாயங்காலம் சாந்தி என்னிடம் கையை நீட்டி அந்த ஒயரைக் கேட்டாள். எறியப்போகிறாள் என்று நினைத்துக் கொடுத்தேன். அவள் தொட்டி மேல் ஏறி, மூடியின் கைப்பிடியையும் வளையத்தையும் சேர்த்து அந்தச் சிவப்பு ஒயரால் முறுக்கிக் கட்டினாள். இனிமேல் காத்துக்குத் தொறக்காதுங்ண்ணா என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

அன்றைக்கு உன்னிடம் சொல்லாததை இன்றைக்குச் சொல்கிறேன். தப்பு என் மேல்தான், மாப்ளே. இனி அந்த ஒயரைத் தண்ணீர் நிரப்ப மட்டும்தான் அவிழ்ப்பேன். கடைசி பஸ் ஹாரன் அடித்தாலும் அடிக்கட்டும், போனாலும் போகட்டும். திரும்பக் கட்டிவிட்டுத்தான் தொட்டியை விட்டு இறங்குவேன். இருட்டில் உன் ஊடு வரைக்கும் நடந்தே போய்ச் சேர்ந்துகொள்கிறேன். இந்தத் தடவை பாதியில் திரும்ப மாட்டேன்.

சம்பளம் வாங்காமலே பயப்படக் கற்றுக்கொண்ட
உன் மச்சான்
தங்கராசு