பனிக்காலத்துக்கு ஒரு சூனியக்காரி கேசட்

டிச. 18, வெள்ளி
உறைபனி. குழாயடி வாளியில் கண்ணாடித் தகடு மாதிரி ஐஸ். தேயிலைக் கொழுந்து கருகிவிட்டது, பாதி நாள்தான் வேலை. மனசு மட்டும் துள்ளல். மஞ்சூர் பஜாரில் கேசட் பதிந்து தரும் பாய் தன் பழைய டேப் ரிக்கார்டரைக் கொடுத்துவிட்டார்! வருஷம் பிறக்கும்வரை என்னிடம்.

"என்ன பாட்டும்மா வேணும்?"

"கம்பளி போத்துன மாதிரி இருக்கணும் பாய். கொஞ்சம் பேயும் இருக்கணும்."

"பேய் வந்தா ரெண்டு சைடும் பத்தாதே."

புத்தாண்டன்று எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் தீ மூட்டிப் போடத்தான். லிஸ்ட்:
– உடுக்கை (பூசாரியைக் கெஞ்சணும்)
– படுகர் கல்யாணக் குழல்
– மோகினிப் பாட்டு, பாயின் பழைய ரிக்கார்டு
– தகரக் கூரையில் காற்று
– செல்லாயி அக்கா!!

டிச. 20, ஞாயிறு
செ. அக்கா கடைசி வீடு. சிலோனிலிருந்து தனியாக வந்தவள். மகள் கட்டிப்போன இடத்துக்கு அந்த நாட்டுக் குடியுரிமை, தாய்க்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட். இரண்டு அரசாங்கம் உட்கார்ந்து ஆடு பிரிப்பதுபோலப் பிரித்தார்கள்.

சாயங்காலம் மலையைப் பார்த்து நின்று பாடுவாள். அதற்குப் பெயர் சூனியம். மேஸ்திரி வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டதிலிருந்து அவர் சம்சாரம் ஒரே கத்தல்: "அவள மாட்டுக் கொட்டகைக்கு மாத்துங்க. இல்லாட்டி நான் புள்ளயத் தூக்கிட்டுப் போறேன்!"

வருஷம் பிறந்ததும் மாற்றமாம். கொட்டகைக்குக் கதவே இல்லை. இந்தப் பனியில்! காய்ச்சல் கூரை ஓட்டை வழியாக வருகிறது, பாட்டு வழியாக அல்ல. ஓட்டையை அடைக்காத எஸ்டேட்டைத் திட்ட எவருக்கும் வாய் இல்லை.

எல்லாரும் தீயருகே உட்கார்ந்து அவளைக் கேட்கட்டும். அப்புறம் அனுப்பட்டும் பார்க்கலாம்.

டிச. 23, புதன்
முதலில் மறுத்தாள். "சூனியக்காரின்னு லயமே சொல்லுது. டேப்பு வேற சொல்லணுமா புள்ள?"

"டேப்பு சொல்லாதுக்கா, பாடும்."

சிரித்துவிட்டாள். சிலோனில் மகளும் அவளும் கொழுந்தெடுக்கையில் பாடிய பாட்டை எடுத்தாள். பாதியில் டேப்பின் பேட்டரி செல் இறங்கியது. லயத்தில் கரண்டு கிடையாது. இலை காய வைக்கும் ஃபேக்டரிக்கு மட்டும் உண்டு. செல்களை அடுப்போரம் வைத்துச் சூடு காட்டிப் போட்டோம். சக்கரம் உருண்டது. மறுபடி முதலிலிருந்து, முழுப் பாட்டும். அதே செல்லில் போட்டுக் கேட்டோம். அச்சு அசல் அக்கா!

டிச. 26, சனி
நாசம். பாய் கடையில் கரண்டில் போட்டால் அக்காவின் கனத்த குரலைக் காணோம். வேகமாக, மெல்லிசாக யாரோ சின்னப் பெண்.

"செத்த செல்லுல டேப்பு மெதுவா ஓடிருக்கும்மா. இப்ப நேரான வேகத்துல ஓடுது, அதான் கீச்சுங்குது. அழிச்சிட்டுப் பதி."

எப்படி? அக்காவுக்கு நேற்றிலிருந்து தொண்டைக் கட்டு. மற்றதெல்லாம் பிரமாதம். உடுக்கைக்குப் பிறகு குழல் வரும் இடத்தில் எனக்கே புல்லரிப்பு. அழிக்கவில்லை. பாய் புது செல் போட்டுக் கொடுத்தார்.

ஜன. 1, வெள்ளி
ஆறு மணிக்குத் தீ. அக்கா எட்ட, குழாயடிக் கல்லில். உடுக்கைக்கு ஒரே சீட்டி. மோகினிக்குப் பிள்ளைகள் அலறி அம்மா மடியில். அப்புறம் அந்தப் பாட்டு.

"யாரு இந்தக் குட்டி? இங்க இப்பிடி யாரு பாடுறா?" மேஸ்திரி சம்சாரம்தான்.

அக்கா எழுந்து வந்து டேப்பின் முன்னால் சம்மணமிட்டாள். யாரும் விலகவில்லை.

"எம்மக வள்ளி."

"அக்கா, அது நீ பாடுனது..."

"தெரியுண்டி. எங்கொரல் எளசானா அவ கொரல்தான். சும்மா இரு, கேக்கட்டும்."

நாலு தடவை போட்டோம். செத்த செல் செய்த வேலையைக் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். நாலாவது தடவை மேஸ்திரி சம்சாரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அம்மாவும் அங்கேதான், சிலோனில்.

ஜன. 2, சனி
விடியுமுன் கதவைத் தட்டல். வாசலில் ஆறு பெண்கள், கையில் டார்ச்சிலிருந்து கழற்றிய செத்த செல்கள். "புதுசு வேணாம் புள்ள. இதுலதான் பாடணும்." ஒருத்திக்குச் சிலோனில் விட்டுவந்த தங்கச்சி குரல் வேண்டும், ஒருத்திக்கு மகள் குரல்.

கடைசியாக மேஸ்திரி சம்சாரம், இடுப்பில் குழந்தை, மூன்று செல். "எனக்கு எங்கம்மா வேணும். கெழவி கொரலுக்கு என்ன செய்யணும்?"

"அதுக்குப் புது செல்லுல பாடி, செத்த செல்லுல போடணும். பாட்டுக்குச் செல்லாயி அக்காவக் கேளுங்க."

குழந்தையை என் கையில் திணித்துவிட்டு, கடைசி வீட்டுக் கதவைத் தட்டப் போயிருக்கிறாள். டேப்பை இன்று திருப்பித் தரவேண்டும். தரமாட்டேன்.