என்னைக் குடியிருப்பாக்கிய மணல்வாரி

12 செப்டம்பர் 1957, வியாழன்
காஜா பேராங்

மலாயா விடுதலை பெற்ற மறுநாள் என் உடம்பு அடிமையாகிவிட்டது. அன்றுதான் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மணல்வாரி. வேப்பிலை செருகிய வாசலில் எல்லாரும் நின்றுவிட, "பதினெட்டு வகை அம்மையும் எனக்கு வந்து போச்சு!" என்று புளுகிவிட்டு உள்ளே போய்ப் பிள்ளைக்கு விசிறினேன். எனக்கு ஒன்றுகூட வந்ததில்லை.

இன்று கண் சிவந்து காய்ச்சல். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக மருந்து கொடுக்கும் டிரசரிடம் காட்டினேன்.

"அந்தக் கிருமி மூச்சோட உள்ள போயிரும் அண்ணே. நம்ம உயிரணுக்குள்ள பூந்து, அதையே வேலை வாங்கித் தன்னைப் பெருக்கிக்கும். பத்து நாள் சத்தமே இருக்காது."

"தடிப்பு வந்தாத்தானே பரவும்?"

"அதுக்கு நாலு நாள் முன்னாடியே பரவும். கைக்குழந்தை எதையும் தூக்கலியே?"

நேற்றுதான் புக்கிட் பாருவில் தங்கச்சியின் பத்து மாதக் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சினேன்.

குழந்தையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவரச் சொல்கிறார்; சில நாளுக்குள் ஊசி போட்டால் நோயின் வேகம் குறையுமாம். நான் அங்கே போகக்கூடாதாம். விடிந்ததும் கொடுத்தனுப்பத் தங்கச்சிக்குக் கடிதம் எழுதினேன். மூன்று தடவை எழுதியும் என் வழக்கமான புளுகு போலவே இருக்கிறது. படித்துவிட்டு அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டு மடித்து வைத்துவிடுவாள்.