பால் பொங்க விடாத அடுப்பு

ஆவணி, ஞாயிறு.

நான் வரைபடம் கீறிய தொடர்மாடியில், துறைமுகம் பார்த்த வீட்டில், இன்று சாந்தி அக்காவின் புதுவீட்டுக் குடிபூரல். எதுவும் பொங்கி வழியாத மின்னடுப்பு என்று விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருந்தோம். உண்மைதான். பால் நுரைத்து எழும்பும்போதெல்லாம் அடுப்பு தானாக அணைந்தது. கடைசிவரை பொங்கவில்லை. சொந்தக்காரர் முன்னால் அக்காவின் முகம் செத்துப்போனது.

"பல்கனியில கல்லு வைச்சு மூட்டட்டோ?" என்று கேட்டார்.

"இங்க நெருப்பு மூட்ட ஏலாது," என்றார் தொடர்மாடி முகாமையாளர்.

"பரவாயில்லை தம்பி," என்றார் அக்கா என்னிடம். "நீங்கள் கீறேக்க எங்களை நினைச்சிருக்க மாட்டியள்."

விளம்பரப் படத்தில் அதே பல்கனியில் ஒரு வெள்ளைக்காரச் சோடி வைன் குடிக்கிறது. படத்தில் கடல் தெரிந்தால் போதும் என்றுதான் முகாமையாளர் கேட்டார். சோடியைக் கீறி நிற்க வைத்தது நான்.