பிரிக்காத பொட்டலம்

பதினோரு வருசமா என் எதிர் சீட்டில் இருந்தவளுக்கு,

நம் கோழித்தீவன ஆபீசில் நான் உட்கார்ந்திருந்த மேனேஜர் நாற்காலியில் இப்போது நீ உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதன் இடது கால் கொஞ்சம் ஆடும். பார்த்து உட்காரு.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கம்பெனியில் வேலை கேட்டிருக்கிறேன் என்று உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். ஊட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. முதலாளியிடம் முன்கூட்டியே சொல்வதா வேண்டாமா என்று நான் தவித்தபோது, "அம்மன்கிட்டப் பூக் கேட்டுப் பார்த்துரலாம் புள்ள" என்றாய். வெள்ளை வந்தால் சொல்வது, சிவப்பு வந்தால் வாயைத் திறக்காமல் இருப்பது. வெள்ளிக்கிழமை நீதான் வெள்ளைப் பூவுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என்று இரண்டு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைத்தாய். நான் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். வெள்ளை.

திங்கட்கிழமை சொல்லிவிட்டேன். முதலாளி கோபப்படவே இல்லை. "உண்மையச் சொன்னீங்க, சந்தோசமுங்க. போறதுன்னு ஆனப்புறம் எதுக்குங்க இங்கே சிரமப்படோணும்? இன்னைக்கே நின்னுக்கங்க" என்றார். சேலத்திலிருந்து இன்னும் பதிலே வரவில்லை.

அம்மன் சொன்னபடிதானே செய்தோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன். இன்றைக்குக் கைப்பையை உதறியபோது அந்த இன்னொரு பொட்டலம் விழுந்தது. அன்றைக்குக் கோயிலில் நீ அதை எடுக்கக் கை நீட்டினாய், நான் முந்திக்கொண்டு பைக்குள் போட்டுக்கொண்டேன். "பிரிச்சுறாத புள்ள, சாமி குத்தமாயிரும்" என்றாய்.

பிரித்துவிட்டேன். பூ வாடியிருந்தது. அதுவும் வெள்ளைதான்.

அம்மனிடம் கேட்டதாக நினைத்திருந்தேன். உன்னிடம்தான் கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
கண்ணை மூடிக்கொண்டு எடுத்தவள்