ஆணியில் மாட்டிய பேட்ஜ்

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள், தூக்கம் வரவில்லை. உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? என் பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

போன லீவில் வந்தபோது "டாக்டர் சீட்டோட வா, அப்புறம் பிள்ளையைத் தூக்கு" என்றீர்களே, சீட்டு கிடைத்துவிட்டது. அணுக்கழிவுக் கிடங்கில் எங்கள் உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்க ஒரு பேட்ஜ் கொடுப்பார்கள். என்னுடையதில் ஒன்றுமே பதிவாகவில்லையாம், அதைப் பார்த்துத்தான் சீட்டு எழுதினார் டாக்டர். முடி கொட்டுவதைச் சொன்னேன். "எல்லாம் மனசுதாம்மா, பயந்தே பாதி செத்துருவீங்க போல" என்று சிரித்தார்.

நானும் சிரித்து வைத்தேன். அளவு கூடினால் வேலை போய்விடும் என்று, பேட்ஜை உடைமாற்றும் அறைச் சுவரில் மாட்டிவிட்டுத்தான் நாங்கள் உள்ளே போவோம். "ஆணியில மாட்டு, இல்லன்னா மூட்டையைக் கட்டு" என்று சூப்பர்வைசரே ஆணி அடித்துக் கொடுத்தார். ஆக, அந்தச் சுவர் பூரண நலம். எனக்கு இருப்பது கதிரா, பயமா என்று இந்தச் சீட்டை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

உங்களிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த மாதம் லீவு. பாப்பாவுக்கு எந்த அளவில் கவுன் எடுப்பது? தொட்டால் ஒட்டிக்கொள்ளும் வியாதி இல்லை என்று படித்தவள்தான் நான். ஆனாலும் கேட்கிறேன், அவளைத் தூக்க விடுவீர்களா? சீக்கிரம் பதில் போடுங்கள்.