டிவியைக் கொண்டுபோய்க் கொடுத்த வாரம்

12.10.96 சனி
விடிந்ததிலிருந்து மழை. காலை ஷிப்ட். மில்லுக்குள் வெக்கை, வெளியே வந்தால் குளிர். தும்மல் நிற்கவில்லை. வாங்க மறந்தது: மண்ணெண்ணெய், தலைவலித் தைலம்.

வீடு திரும்பியபோது ஜோதி டிவி முன்னால். காலையில் நான் கிளம்பும்போது இருந்த அதே இடம், அதே சேலை. அடுப்பில் சோறு அடிப்பிடித்துக் கருகல் வாடை. “சாப்பிட்டியா?” என்றேன். கண்ணை எடுக்காமல் கையை மட்டும் அசைத்தாள்.

சித்திரையில் பையன் தவறியதிலிருந்தே அவள் இப்படித்தான். மூளைக்காய்ச்சல். எட்டு வயது. அதற்குப்பின் இந்த வீட்டில் நாங்கள் இருவரும் அவன் பேரைச் சொன்னதில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் போனதும் கேபிள் இழுத்தேன், அவளுக்கு மனசு மாறட்டும் என்று. இப்போது வீட்டில் பேசுவது அந்தப் பெட்டி மட்டும்.

13 ஞாயிறு
கறி எடுத்தேன். அப்படியே சட்டியில் கிடக்கிறது. பக்கத்து வீட்டு ராஜம்மாக்கா எட்டிப் பார்த்து, “ஏட்டி ஜோதி, உன் குரலக் கேட்டு எம்புட்டு நாளாச்சு?” என்றது. ஜோதி டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

சண்டை போட்டேன். நான் ஒருவனே போட்ட சண்டை. ரிமோட்டைப் பிடுங்கி அணைத்தேன். எழுந்து போய் பட்டனை அழுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை. இவளும் என்னை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள். பயம்.

14 திங்கள்
லீவு. ஆட்டோ பிடித்து டிவியை ஏற்றினேன். ஜோதி வாசல் வரை வந்தாள். “அத மட்டும் விட்ருங்க,” என்றாள். மாதக்கணக்கில் வாய் திறக்காதவள் என்னிடம் பேசியது அது. அப்படியும் ஏற்றிக்கொண்டு போனேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் தம்பி முத்து வீட்டில் இறக்கினேன். “அக்கா தாங்குவாளா மச்சான்?” என்றான்.

“தாங்கித்தான் ஆகணும்லே. பெட்டி இல்லேன்னா எங்கிட்டயாவது பேசுவால்ல?”

15 செவ்வாய்
பேசவில்லை. குழாய் சொட்டுகிற சத்தம். பல்லி. நானே ஏதேதோ பேசினேன். மில்லில் மெஷின் நின்றது, சூப்பர்வைசர் கத்தியது பற்றி. தாயக்கட்டையை எடுத்து வைத்தேன். முன்பெல்லாம் என்னை ஜெயிக்க விடமாட்டாள். இன்று அவளுக்கும் சேர்த்து நானே உருட்டினேன். அவள் சுவரைப் பார்த்தபடி. டிவி இருந்த மேஜையில் தூசி படாத சதுரம். அதையும் பார்த்தாள்.

தப்பு செய்துவிட்டேனா? வேறு வழி தெரியவில்லையே.

16 புதன்
எழுத்து கோணல்.

ஷிப்ட் முடிந்து வந்தால் வீடு பூட்டு. ராஜம்மாக்கா சாவியை நீட்டியது. “காலைலயே குடுத்துட்டுப் போனா. எங்கன்னு சொல்லலியே.” ஓடினேன். ரயில்வே கேட். அங்கே உள்ளவரிடம் கேட்க நாக்கு எழவில்லை. தண்டவாளத்தை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தேன். கண்மாய்க் கரை. பஸ் ஸ்டாண்ட். பூக்கார அம்மா, “ஒங்க வீட்டுக்காரியா? வில்லிபுத்தூர் வண்டில ஏறுச்சே,” என்றாள். அவள் காலில் விழலாம் போல இருந்தது.

முத்து வீடு. ஜோதி தரையில், அதே டிவி முன்னால். “வந்ததுலேர்ந்து இப்படித்தான் மச்சான்,” என்றான் முத்து. பயந்த பயமெல்லாம் கோபமாக ஏறியது. கையை ஓங்கிவிட்டேன்.

அப்போது ஒரு பிஸ்கட் விளம்பரம். பள்ளிக்கூடப் பையைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு பையன் ஓடி வருகிறான். “அம்மா, பசிக்குது!”

“வாரேன்யா,” என்றாள் ஜோதி. டிவியிடம். மெதுவாக.

எங்கள் பையனின் குரல். அச்சு அசல். அந்த விளம்பரம் எங்கள் வீட்டில் எவ்வளவு ஓடியிருக்கும். எனக்குக் காதில் விழவே இல்லை. அது வரும் வரும் என்றுதான் நாள் முழுக்க உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். முத்துதான் பிடித்து இறக்கினான்.

17 வியாழன்
மழை இல்லை. முத்து வீட்டிலிருந்து காலை பஸ்ஸில் கிளம்பினோம். வேலைக்குப் போகவில்லை.

“டிவிய எடுத்துட்டு வந்துருதேன் ஜோதி. ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“வேண்டாம்,” என்றாள். “அந்தப் புள்ள அந்த ஒண்ணத்தான திருப்பித் திருப்பிச் சொல்லுதான். வேன்ல மகேசு என்ன சொன்னான்?”

பேரைச் சொல்லிவிட்டாள். பஸ்ஸில், அத்தனை பேர் நடுவில்.

மதுரை ஆஸ்பத்திரிக்கு வேனில் அவனோடு போனது நான். வேனில் ஒருவருக்குத்தான் இடம்; அவள் பின்னால் பஸ்ஸில் வந்தாள். வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அந்த வேனுக்குள் நடந்ததை அவள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

சொன்னேன். “கிருஷ்ணன்கோவில் தாண்டுனதும் கண்ணு முழிச்சான். அம்மா எங்கன்னான். பின்னாடி பஸ்ல வாரான்னேன்.”

“அதுக்கு?”

“அம்மாவுக்கு ஜன்னல் சீட்டு கெடச்சிருக்குமான்னு கேட்டான்.”

ஜோதி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

“கெடச்சிருக்கும்னு சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“கெடைக்கல. நின்னுக்கிட்டேதான் வந்தேன்.” கண்ணைத் துடைத்தாள். என் கையைப் பிடித்தாள். “பொறவு? பொறவு என்ன சொன்னான்?”

ராஜபாளையம் வந்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் இறங்குகிறார்கள். நாங்கள் எழுந்திருக்கவில்லை. கண்டக்டரைக் கூப்பிட்டு, அந்த பஸ் கடைசியாகப் போய் நிற்கிற தென்காசிக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன்.